ராகு காலத்துக்கு முன் ஏற்றப்பட்ட ஜவ்வரிசி

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி மில்லில் எனக்கு ஆபீஸ் வேலை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறங்கும். அதை ஜவ்வரிசியாக்கி வெளி மாநிலங்களுக்கு அனுப்புவோம். அங்கே வாங்குகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது என் பொறுப்பு. என் ஆங்கிலத்தைப் பார்த்து யாரும் இதைக் கொடுக்கவில்லை. மில்லில் மற்றவர்களின் ஆங்கிலத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

இந்த சீசனின் முதல் லோடு ஒரு வெள்ளிக்கிழமை புனேவுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. முதல் லோடு ராகு காலத்துக்கு முன் கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது எங்கள் மில் வழக்கம். பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்குப் பாதிச் சரக்கு இன்னும் களத்து வெயிலில் கிடந்தது. களத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, தினக்கூலிக்கு வருகிறவர், ஈரம் போகவில்லை என்று முதலாளியிடமே சொன்னார்.

"அள்ளும்மா, போற வழியில காஞ்சிடும்" என்றார் முதலாளி.

கட்டிய மூட்டைக்குள், தார்ப்பாய்க்கு அடியில் எப்படிக் காயும் என்று நான் கேட்டிருக்கலாம். லாரி டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போய்விட்டேன்.

புனேயில் மூட்டையைப் பிரித்தால் ஒரே பூஞ்சை நாற்றம். விளக்கம் கேட்டு மெயில் வந்தது. முதலாளி என் மேஜை பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரு மேலயும் வராத மாதிரி எழுதுய்யா. இங்கிலீஷ்ல அதுக்குன்னு ஒரு வழி இருக்குமே."

இருக்கிறது. செயப்பாட்டு வினை என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பூனையால் எலி தின்னப்பட்டதோடு எனக்கும் அதற்குமான உறவு முடிந்திருந்தது. பயத்தில் அதை எல்லா வரியிலும் போட்டேன். தங்கள் மெயில் படிக்கப்பட்டது. மூட்டைகள் ஏற்றப்பட்டன. ஈரம் கவனிக்கப்படவில்லை. வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். எங்கள் மில்லில் மனிதர்களே இல்லை, பேய்கள்தான் லோடு ஏற்றுகின்றன என்று தோன்றியது.

புனேக்காரர் ஒரே வரியில் பதில் போட்டார். யாரால்?

அன்று நான் குடித்த தண்ணீரில் ஒரு மூட்டை ஜவ்வரிசியை ஊறவைத்திருக்கலாம். முதலாளி மட்டும் நிதானமாக இருந்தார். களத்து அம்மா பேரைப் போட்டு எழுதச் சொன்னார். அவரை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது என்றும் சேர்க்கச் சொன்னார். எழுதுவது மட்டுமல்ல, நிஜமாகவே நிறுத்தத்தான் போகிறார் என்று முகத்தில் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சில் மரியாதை கூடிவிடும். பார்க்கிறவர்கள் பயம் என்று நினைப்பார்கள். பாதி சரிதான்.

"பேரு போட்டா, அவங்கள ஏத்தச் சொன்னது யாருன்னு அடுத்த மெயில் வரும் மொதலாளி" என்றேன். "ராகு காலம்னு எழுதணும். அதுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாதுங்க."

"இன்னாவோ எழுதித் தொலை. ஆள் பேரு வேணாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

இந்த முறை ஒரே ஒரு வரியில் மட்டும் அந்த வினையைப் போட்டேன்: சரக்கு முழுதாகக் காய்வதற்கு முன்பே ஏற்றப்பட்டுவிட்டது. மற்றதெல்லாம் நேராக எழுதினேன். தவறு எங்களுடையது, வேறு லோடு நாங்கள் அனுப்புகிறோம், செலவும் எங்களுடையது. ஈரச் சரக்கைப் பற்றிப் பேசும்போது அள்ளிய கை யாருடையது என்பது புனேவுக்குத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது நல்ல சரக்கு. ஒத்துக்கொண்டார்கள்.

களத்து அம்மாவின் வேலை பிழைத்தது. நான் ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி களத்துக்குப் போய், நாளைக்கும் வரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் சரக்கைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"யாரு தப்புன்னு எழுதுனீங்க சார்?"

"யாரு தப்புன்னும் எழுதலம்மா."

"அதெப்டி? நான் ஈரம்னு சொல்லிக்கினு இருக்க சொல்லவே அள்ளச் சொன்னவரு, தோ, உள்ளதான ஒக்காந்துகினு இருக்காரு."

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். முதலாளி யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அதற்குள் காயப்போட்டிருந்த அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டார். நான்தான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.