சிவப்பு நூல், நீல நூல்

புவனேஸ்வரி டீச்சர் போய்விட்டார் என்று பதுளையிலிருந்து தொலைபேசி வந்தபோது, "யார் சொன்னது? நீங்கள் பார்த்தீர்களா?" என்றுதான் கேட்டேன். அது அவருடைய கேள்வி. நமுனுகுலயில் அவர் விஞ்ஞானமும் நான் கணிதமும் கற்பித்த காலமெல்லாம் அதைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். பிறந்தநாள் கேக்கைக்கூட மோந்து பார்த்துத்தான் வாயில் வைப்பார். அவரை அறிந்த நீங்களும் எரிச்சல்பட்டிருப்பீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விற்பனையாளர் லேசர் இயந்திரத்தோடு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். விதைக்குமுன் விதைமேல் அந்த ஒளியைப் பாய்ச்சினால் செடி வேகமாக வளருமாம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பெண்கள் அடுத்த போகத்துக்கு வைத்திருந்த போஞ்சி, அதாவது பீன்ஸ், விதை முழுவதையும் ஒளியூட்டத் தரச் சொன்னார். முளைக்காவிட்டால் போகமே போச்சு. நம்பிக்கைக்காக அருகருகே இரண்டு பாத்திகள் போட்டுக் காட்டினார். ஒளி பட்ட பாத்தி மளமளவென்று வளர்ந்தது. டீச்சர் குனிந்து மண்ணைத் தொட்டு, பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றிவந்த பெண்களில் ஒருத்தியிடம் கேட்டார்.

"செல்லம்மா, இதுல மட்டும் ஏன் இவ்வளவு ஈரம்?"

"லேசர் பட்ட பிள்ளைங்க டீச்சர், வாட விடலாமா? சாணியும் ஒரு கை கூடத்தான் போட்டோம்."

"அடிப் பாவிகளா! வளத்தது லைட்டா, நீங்களா?"

அதன்பின் ஒளி பட்ட விதையையும் படாததையும் தனியறையில் இரண்டு பைகளில் போட்டு, ஒன்றில் சிவப்பு நூல், மற்றதில் நீல நூல் கட்டி, தனித்தனிப் பாத்தியில் விதைக்கக் கொடுத்தார். எது எதுவென்று அவருக்கு மட்டுமே தெரியும்; எங்கும் எழுதிவைக்கவுமில்லை. எனக்காவது சொல்லுங்கள் என்றேன். "சார், உங்க மூஞ்சியப் பாத்தே செல்லம்மா கண்டுபிடிச்சிருவா" என்றார். எனக்குக் கோபமான கோபம். விற்பனையாளரைத் தோற்கடிக்க இவரே ஏதும் செய்திருப்பாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். பெண்கள் இந்த முறை இரண்டு பாத்திக்கும் ஒரே வாளியால் அளந்து ஊற்றினார்கள். நீல நூல் பாத்தி முந்திக்கொண்டு கொடியேறியது. காய்த்ததும் சொல்கிறேன் என்றிருந்தார் டீச்சர். பூக்கும்போதே மாரடைப்பு வந்துவிட்டது.

சாவு வீட்டில் விற்பனையாளர் என் காதருகே வந்தார். "நீலம் நம்மளுதுதான் சார்."

"எப்படித் தெரியும்?"

"வளர்ந்திருக்கே!"

செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தம்பி, நீங்க போயிட்டு வாங்க. எதுன்னு தெரியாம எங்க விதைய உங்க மெஷினுக்குத் தர மாட்டோம். இந்தப் போகம் சும்மா விதையே போடுறோம்."

அந்த ஒளியில் உண்மையிலேயே ஏதோ இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எதற்கும் டீச்சரையே கேட்டுவிடுவோம் என்று சவப்பெட்டிப் பக்கம் திரும்பி, "டீச்சர், எது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். வீடே என்னைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த விடை தெரியாத கேள்வியைத்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, இனி எனக்கு வெட்கமில்லை.