அக்கா வீட்டுப் போத்தல் தண்ணீர்

நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் என் எதிர்வீட்டுக்காரர் ஃப்ரௌ க்ரூகர். ஃப்ரௌ என்றால் ஜெர்மன்காரர்களுக்குத் திருமதி. அறுபதைத் தாண்டியவர், தனியாக வசிப்பவர், முழங்கால் வலிக்காரர். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் கடையிலிருந்து ஒரு பெட்டி நிறையத் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி வந்து, படிக்குப் படி இறக்கி வைத்து மூச்சு வாங்கி மேலே ஏற்றுவார். இத்தனைக்கும் இந்தச் சின்ன நகரத்தின் குழாய்த் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்று நகரசபை சொல்கிறது, என் மகள் போகும் கிண்டர்கார்டன் சொல்கிறது, அவரே சொல்கிறார். பிறகு எதற்கு இந்தப் பெட்டி? ஒருநாள் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தபடி கேட்டேன். "விருந்தாளிகளுக்கு" என்றார். அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து நான் கண்டதில்லை.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. அதே குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கேத்தலில் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டிக் குடிக்கிறவள் நான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். "பாஸ்போர்ட் இல்லாத கிருமி இந்த ஊருக்குள்ள வர முடியாது, நீ என்னத்துக்கு கரண்ட வீணாக்குற" என்று கணவர் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே நான் ஆற வைத்ததைத்தான் குடிப்பார்.

ஃப்ரௌ க்ரூகர் முதன்முதலாக என் வீட்டுப் படி ஏறிய அன்று நம் வழக்கப்படி ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தேன். இலங்கையில் எங்கள் மாத்தளையில் வாசலுக்கு வந்தவர் கடன்காரராக இருந்தாலும் முதலில் தண்ணீர்தான். அவர் டம்ளரைத் தூக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். இவர்களுக்குக் குமிழி வராத தண்ணீர், தண்ணீரில் சேர்த்தியில்லை. "குழாயிலிருந்தா?" என்று கேட்டார். அவர் பயந்துவிட்டார் என்று நினைத்து, "ஆமாம், ஆனால் கொதிக்க வைத்தது" என்று தெம்பு சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் கட்டடத்தைப் பராமரிக்கும் ஆள் ஒரு கருவிப் பையோடு என் சமையலறையில் வந்து நின்றார். மூன்றாம் மாடித் தண்ணீர் கெட்டுவிட்டது, அந்த வெளிநாட்டுப் பெண் பிள்ளைக்காகக் கொதிக்க வைக்கிறாள் என்று புகார் போயிருக்கிறது. தண்ணீரில் ஒன்றுமில்லை, இது என் பழக்கம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். "உங்களுக்கு என்ன நோய்?" என்று அவர் மிகுந்த கரிசனத்தோடு கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்கடுவ மலையிலிருந்து அல்லவா நான் பதில் சொல்லத் தொடங்க வேண்டும்? பேசாமல் அவருக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

நான் பிறந்தது எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். லயத்துக்கு மேலே மலையிலிருந்து பிளந்த மூங்கிலில் இறங்கி வரும் பீலித் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தோம். சில்லென்று இருக்கும், கண்ணாடி போலத் தெரியும். அதைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தான். நடை பழகிய வயதில் அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. அக்காவுக்கு அப்போது பத்து வயது. அம்மா கொழுந்து பறிக்கப் போனதும் அவன் அக்காவின் இடுப்பில்தான் இருப்பான். அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியவளும் அக்காதான். அவன் திரும்பி வரவில்லை. பீலித் தண்ணிதான் என்றார்கள் சிலர். பல் முளைக்கிற காலம் என்றார்கள். மேல் மலையில் அடித்த மருந்து மழையோடு இறங்கிவிட்டது என்றார்கள், கண்ணேறு என்றும் சொன்னார்கள். எது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பிறகு அப்பாவுக்கு மாத்தளை டவுனில் ஒரு கடையில் வேலை கிடைத்துக் கீழே இறங்கினோம். டவுனில் குழாய் இருந்தது. அம்மா அந்தக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார், வடிந்த தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிக் கொதிக்க வைத்தார். அம்மா போன பிறகு அதே வீட்டில் அக்கா அதைச் செய்கிறாள். கடல் தாண்டி வந்து நான் செய்கிறேன்.

போன விடுமுறைக்கு மகள் தாரணியை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்றதும் அக்கா எவர்சில்வர் டம்ளரோடு ஓடி வந்தாள். கொதித்து ஆறிய தண்ணீர், லேசாகப் புகை வாசம். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாரணி கொல்லைப்புறக் குழாயைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, அந்தக் குழாய்க்குக் காயமா? கட்டுப் போட்டிருக்கு" என்றாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மழை பெய்தால் அந்தக் கட்டு செம்மண் நிறமாகிவிடும்; அவிழ்த்துத் துவைத்துத் திரும்பக் கட்டுவாள்.

அக்காவின் வேலையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்டி ரோட்டில் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறாள். ஏலம், கறுவா, மிளகுக்கொடி எல்லாம் காட்டி முடித்ததும் அவர்களை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. மூடிய போத்தலை அவர்கள் கண்ணுக்கு நேரே பிடித்து, சீல் உடைகிற சத்தம் அவர்கள் காதில் விழும்படி மூடியைத் திருக வேண்டும். "அந்த டக்குங்கிற சத்தம் கேட்டாத்தான் வெள்ளக்காரங்க முகத்துல சிரிப்பு வரும்" என்று அக்கா எனக்கு நடித்துக் காட்டினாள். இருவரும் சிரித்தோம். அந்தச் சத்தம் எனக்காகவும் கேட்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நாலைந்து நாள் நல்லபடியாகப் போனது. ஒருநாள் காலை, இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த நேரம், பல் துலக்கப் போன தாரணி துணியை விலக்கிவிட்டுக் குழாயிலேயே வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். நானும் அக்காவும் ஒரே நேரத்தில் கத்தினோம். பிள்ளை திகைத்துப்போய், "கிண்டர்கார்டன்ல இப்படித்தான் குடிக்கச் சொல்லித் தந்தாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? வீட்டில் நான் கொதிக்க வைக்கிறேன், பள்ளியில் அப்படியே குடி என்கிறார்கள். அவள் எனக்குத் தெரியாமல் பள்ளியை நம்பியிருக்கிறாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டது.

அக்கா தாரணியைத் தூக்கிய வேகத்தை நான் மறக்க மாட்டேன். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள். "நடக்க விடுக்கா" என்று நான் சொன்னது அவள் காதில் விழவேயில்லை. டவுனில் கிளினிக் வைத்திருக்கும் முஸ்லிம் டாக்டர் நிதானமாகப் பார்த்தார்.

"டாக்டர், பைப் தண்ணியக் குடிச்சிட்டா. அதனாலதானே?" என்று கேட்டேன்.

"தண்ணியாவும் இருக்கலாம். வேற என்ன குடுத்தீங்க?"

பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பழம், கோயில் வாசலில் அன்னாசி அச்சாறு, உறவினர் வீட்டில் பாலுதா. நான் சொல்லச் சொல்ல அவர் புன்னகைத்தார்.

"இதுல எதச் சொல்றது? பயணக் களைப்பும் இருக்கு. கொதிச்ச தண்ணியில இந்தத் தூளக் கரைச்சு அடிக்கடி குடுங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

அக்கா மட்டும், "அந்தத் தண்ணியில சாகிற மாதிரி ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டாள். டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் போனில் கூப்பிட்டார். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். "அந்தத் தண்ணிய ஏன் குடிக்க விட்டீங்க? கடையில போத்தல் தண்ணி இல்லையா?" என்றார் எடுத்த எடுப்பில். அடுப்படியில் அக்காவின் கைவளைச் சத்தம் நின்றுபோனது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. உள்ளுக்குள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் என்மேலும் வந்தது.

மறுநாளே அக்கா தான் வேலை செய்யும் தோட்டத்துக்கு வந்துபோகும் சுகாதாரப் பரிசோதகரைப் பிடித்து, கொல்லைக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டாள். தாரணி எழுந்து ஓடியாடத் தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது. தண்ணீரில் பழுது இல்லை, தாராளமாகக் குடிக்கலாம். நான் அப்பாடா என்றேன். அக்காவுக்குத் திருப்தி வரவில்லை.

"இது வெயில் அடிச்ச அன்னிக்குப் புடிச்சது புள்ள. அவ குடிச்சது மழைத் தண்ணி. அது ஓடிப் போச்சே, அத எங்க போய்ப் புடிக்கிறது?"

தம்பி குடித்த தண்ணீரும் அப்படித்தான் ஓடிப்போனது.

அன்று மாலை கடைவீதிக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா டம்ளரோடு வரவில்லை. ஒரு போத்தலை எடுத்து வந்து, என் கண்ணுக்கு நேரே பிடித்து, மூடியைத் திருகினாள். டக்.

"எனக்கு எதுக்குக்கா இது? நான் ஒன்னோட தண்ணியே குடிக்கிறேனே."

"வேணாம். ஒன் ஒடம்பு இப்ப அந்த ஊருக்குப் பழகிருச்சு."

"அங்கயும் கொதிக்க வச்சுத்தான்கா குடிக்கிறேன்."

"இருக்கட்டும். இதயே குடி."

புறப்படும் நாள்வரை போத்தல்தான். கடைசி நாள் சமையலறைத் தட்டில் அவள் தனக்கு ஊற்றி வைத்திருந்த டம்ளரை நானே எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம் புள்ள, சொன்னாக் கேளு" என்று டம்ளரைப் பிடுங்கி, தான் குடித்து முடித்துக் கவிழ்த்து வைத்தாள். என் கணவர் சொன்னதற்கான கோபமா, தம்பியை நினைத்த பயமா, இல்லை, நான் வந்துபோகிறவள்தானே என்று முடிவுகட்டிவிட்டாளா? எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. விமானத்தில் தாரணி தூங்கிய பிறகு நன்றாக அழுதேன்.

நாங்கள் இல்லாதபோது என் சாவி ஃப்ரௌ க்ரூகரிடம் இருந்தது. பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற என் கணவரை நம்ப முடியாது என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார். நாங்கள் பெட்டிகளோடு மூன்று மாடி ஏறி வந்தபோது கணவர் வேலையில் இருந்தார். சாவி வாங்க எதிர்வீட்டு மணியை அடித்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே இழுத்து உட்கார வைத்தார். தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையை நிரப்பி என் கையில் கொடுத்தார். மூடியும் இல்லை, சத்தமும் இல்லை, குமிழியும் இல்லை.

"பெட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர் மூட்டு வலிக்காக வருத்தப்படத் தயாராக இருந்தேன்.

"இல்லையே, நிறைய இருக்கிறது" என்று மேசைக்கு அடியில் காட்டினார். "அது விருந்தாளிகளுக்கு."

கொதிக்க வைக்காத தண்ணீரை எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வாயில் ஊற்றினேன். சில்லென்று இறங்கியது. பீலி ஞாபகம் வந்தது, கூடவே தம்பியும் வந்தான். முழுவதையும் குடிக்க முடியவில்லை. எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று அந்த அம்மாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து விளக்கைப் போடுவதற்குள் போன் அடித்தது. அக்கா.

"வந்து சேந்துட்டீங்களா? புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்காக்கா."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"கொதிக்க வச்சதா? இல்ல, போத்தலா?"

இரண்டும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேத்தலை நிரப்பி அடுப்பில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், ஃப்ரௌ க்ரூகரின் குவளை இன்னும் என் கையில் இருந்தது. திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்திருக்கிறேன். அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைக் குடிக்கவும் தோன்றவில்லை, ஊற்றவும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் அக்கா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். கேத்தல் மெதுவாக முனகத் தொடங்கியது.

"கொதிக்குதுக்கா" என்றேன்.