நாய்க்கு நெய்த பட்டை

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். எட்டாவதோடு பள்ளியை விட்டதும் கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான். எனக்குத் தறி வேலை கொடுக்கிற முதலாளி, ஒரு பெண்ணை முள்ளிப்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்துவந்து, "இவங்க நாய்க்கு நெஞ்சுல கட்டற பட்டை வேணுமாம், தறியில போட்டுக் குடு" என்றபோது, நாய் கடிக்குமா என்றுதான் முதலில் கேட்டேன்.

அந்தப் பெண் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். இடிந்த கட்டடங்களில் சிக்கிய ஆட்களை மோப்பம் பிடித்துத் தேடும் நாய்களுக்கான பட்டை அது. இதயத்துடிப்பும் அசைவும் அதில் பதிவாகும். "களைச்சுப்போச்சுன்னு அதால வாய்விட்டுச் சொல்ல முடியாதில்லண்ணா, இந்தப் பட்டை சொல்லும்" என்றார். முன்பு கட்டிய பிளாஸ்டிக் பட்டை தோலை அறுத்துவிட்டதாம். பட்டு உறுத்தாது. செம்புக் கம்பி ஓடுகிற ஜரிகை மின்சாரத்தைக் கடத்தும்.

மூன்று விரல் அகலத்தில் நெய்து கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, நாய்க்குப் பட்டா? முகூர்த்தம் எப்போ? பத்திரிகை வெப்பியா?"

அந்தப் பெண் ஆரணியில் தங்கிய லாட்ஜில் நாயைச் சேர்க்கவில்லை. ஒரு வாரம் பட்டையோடு என் வீட்டிலேயே இருக்கட்டும், தினம் காலையில் வந்து பதிவை எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போனார். கறுப்பு லாப்ரடார்.

என் மனைவி, மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூர் போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் வருவதாக இருந்தாள்; குழந்தைக்குச் சளி என்று தங்கிவிட்டாள். முதல் நாள் நாயை வாசலில் கட்டினேன். இரண்டாம் நாள் தறிக்கூடத்துக்குள் விட்டேன்; தறியின் மிதிக்கு அடியில் வாலை நீட்டிப் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அதனிடம் பேசிக்கொண்டிருந்தேன். சிலிண்டர் எப்போது தீரும், மகள் ஏன் இரண்டு நாளாக போன் செய்யவில்லை, நெஞ்சில் குத்துவது வாயுவா வேறெதுவுமா? மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும் அது படுத்துக் கேட்டது.

நான்காம் நாள் காலை அந்தப் பெண் அதுவரை எடுத்த பதிவுகளை லேப்டாப்பில் சேர்த்துப் பார்த்து முகம் வாடினார். கோடுகள் எகிறிக் குதித்திருந்தன.

"என்கூட இருக்கும்போது நல்லாதான் இருக்கு. இங்க ஒரே படபடப்பு. புது இடத்துல இப்படி இருந்தா வேலைக்கு ஆகாதுன்னு எழுதிடுவாங்க."

"எழுதினா அத இன்னா பண்ணுவாங்க?"

"யாராவது வளர்க்கக் கொடுத்துடுவோம். நீங்க வெச்சுக்கறீங்களாண்ணா?"

"நாளைக்குச் சொல்றேங்க" என்றேன். என் பயம்தான் அதற்கும் ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அதையே பார்த்திருந்தபோது விஷயம் தெரிந்தது. கழுத்தை வளைத்து, பட்டையைச் சப்புக்கொட்டி நக்கிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். அரிசிக் கஞ்சி. நீளவாக்கில் ஓடும் பட்டுப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கித்தான் தறியில் ஏற்றுவோம். இதற்கும் கை தானாகப் போட்டுவிட்டது. புடவையை யாரும் நக்குவதில்லையே, எனக்கெப்படித் தோன்றும்? நாக்கு ஜரிகையில் படப்படக் கோடு எகிறியிருக்கிறது. அந்தப் பெண் எதிரில் இருந்தால் அடக்கமாக உட்காருவதால், அப்போது மட்டும் எகிறவில்லை.

மறுநாள் அவர் கேட்டபோது, "வெச்சிக்கிறேங்க" என்றேன். கஞ்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றே கடைவீதிக்குப் போய் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று வாங்கிவந்தேன்.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியதும் பயம் பிடித்துக்கொண்டது. நான் நெய்த பட்டையையே மற்ற நாய்களுக்கும் கட்டுவார்கள். அவையும் நக்கும். அவற்றையும் ஆகாது என்பார்கள். எங்கோ ஒரு வீடு இடிந்து, உள்ளே ஒருவன் கிடக்கிறான். தேட நாய் இல்லை. அவன் மேல் மண் சரிவது கண் முன்னால் தெரிந்தது. மூன்று முறை போனை எடுத்து வைத்து, நான்காம் முறை சொல்லிவிட்டேன்.

ஆட்டோ பிடித்து வந்தார். பட்டையை வெந்நீரில் அலசி, காயவைத்து, மறுபடி கட்டினார். இரண்டு மணி நேரம் இருவரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு அமைதியாக ஓடியது. அவர் சிரித்தார். "நாலு நாளா அதுக்கு விருந்து போட்டிருக்கீங்கண்ணா!" பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார். "காலையிலயே தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய பதிவை நகர்த்தி ஓரிடத்தைக் காட்டினார். "இந்த நேரத்துல மட்டும் துடிப்பு அடங்கியிருக்கு. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அதுகிட்ட பேசிகினு இருந்தேங்க."

"தூங்கியிருக்கு" என்றார் மெதுவாக.

மறுநாள் காலை வேன் வந்தது. அவர் ஒரு சொல் சொன்னதும் நாய் தாவி ஏறி உட்கார்ந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குப் பழக்கிய நாய் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

உள்ளே வந்து தறியில் உட்கார்ந்தேன். மிதியை அழுத்தும் முன் குனிந்து பார்த்தேன், வால் அடியில் மாட்டிக்கொள்ளப் போகிறதே என்று. ஒன்றும் இல்லை. அன்று முழுவதும், மிதிக்கும்போதெல்லாம், குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.