சுத்தமான சத்தம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், மனிதர்கள்மீது எனக்கிருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். நான் அங்கே ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். ஈரத் துண்டோடு வந்து மேசைமேல் சாய்ந்துகொண்டு, "அருவியில தண்ணி எப்ப கூடும்?" என்று என்னிடம் கேட்பார்கள், நான்தான் மலைமேல் உட்கார்ந்து திறந்துவிடுகிறவள் மாதிரி. அப்படியொரு சாரல் நாளில்தான் என் வீட்டுக்காரர் போன் செய்து, தனக்குச் சின்னதாக ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றார். எதிரே நான்கு பேர் அறை கேட்டு நின்றிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

அவர் தென்காசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துவந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று சுற்றுவட்டாரத்தில் அவர்கள் ஏறாத மேடை குறைவு. முந்தைய வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் பிழைத்துக்கொண்டது, பேச்சு திரும்பிவிட்டது, இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. கிட்டாரில் வலது கை தட்டும், இடது கைதான் கம்பிகளை அழுத்திச் சுரம் பிடிக்கும். "இந்த அளவுக்குத் தப்பிச்சது அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். அன்றையிலிருந்து அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் விடுதி வாசலில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர், நரம்பை இழுத்து நேராக்கிவிடுகிறேன் என்று சில வாரம் அந்தக் கையைப் பிசைந்தார். கை நேராகவில்லை. எண்ணெய் ஊறிய விரலோடு கிட்டாரைத் தொட்டுத் தொட்டுக் கம்பிகள் பிசுபிசுத்துப்போனதுதான் மிச்சம். பிறகு குழுவை நடத்தும் அண்ணாச்சி ஒருநாள் பழப்பையோடு வீட்டுக்கு வந்தார். "நீ வந்து மேடையில உக்காரு, கை தன்னால வந்துரும்" என்றார். அன்று நாங்கள் இரண்டு பேருமே அழுதோம். அடுத்த முகூர்த்தத்திலிருந்து இவர் திரும்பவும் போக ஆரம்பித்தார்.

நான் வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னார். "மேடையில என் கிட்டார் சத்தம் முன்ன மாதிரி இல்லட்டி. பிளாஸ்டிக் வாளியத் தட்டுன மாதிரி இருக்கு."

மேடையில் வாசிக்கிறவர்களுக்குத் தங்கள் சத்தம் தங்களுக்குக் கேட்க வேண்டுமே, அதற்காகக் காலடியில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். அதில் கேட்கிற கிட்டாரைத்தான் சொன்னார். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது, சவுண்டுக்காரர் கவனிப்பதில்லை, பக்கத்தில் சொந்தமாக ஒரு பெட்டி இருந்தால் சரியாகிவிடும் என்பது அவர் முடிவு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அவரும் சிரித்தார். நாங்கள் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

கேட்டது அதிகமில்லை. ஒரு கையால் தூக்குகிற மாதிரி இருக்க வேண்டும், எங்கள் சக்திக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், எக்கோவும் கரகரப்பும் கூடாது. "கம்பியத் தட்டுனா கம்பி மட்டுந்தான் கேக்கணும்" என்றார். எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது என்பதால், மறுநாள் குழுவின் சவுண்டுக்காரரைப் பார்க்கப் போனேன். தென்காசியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார், சொந்தக் கொழுந்தன் மாதிரி.

ஆள் எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவர். ஆம்ப்ளிஃபையர் என்றதும் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

"அண்ணனுக்கு எதுக்கு மதினி அதெல்லாம்? நாந்தான் இருக்கேன்லா."

"சத்தம் சரியில்லங்காகளே. சுத்தமா கேக்கணுமாம்."

"அப்ப எக்கோ இருக்கதா பாத்து வாங்கிருங்க. என்ன ஆனாலும் சுத்தமா கேக்கதை மட்டும் வாங்கிராதிய."

ஏன் என்று விடாமல் கேட்டேன். கடைசியில் ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார். "அண்ணன் கிட்டார் லைன நான் ஸ்பீக்கருக்கு ஏத்துறதே இல்ல மதினி. திரும்பி வந்த நாள்ல இருந்தே. கீபோர்டுல கிட்டார் சத்தம் வச்சு இன்னொரு பையன் வாசிக்கான். அண்ணன் காலடியிலயும் அதத்தான் விடுதேன். கை பிந்துது மதினி. பாட்டோட வர மாட்டேங்கு."

எங்கள் பக்கத்துக் குழுக்களில் இது புதிது இல்லையாம். தொண்டை போன பாடகருக்கு, கை நடுங்குகிற தபேலாக்காரருக்கு, இப்படித்தான் செய்வார்களாம். மேடை ஏறியவனை இறக்கிவிடக் கூடாது, லைனை மட்டும் இறக்கிவிட வேண்டும். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அண்ணாச்சி, பாடுகிறவர்கள், ரிதம் வாசிக்கிறவர், எல்லாருக்கும் தெரியும். இவர் பிளாஸ்டிக் வாளி என்று திட்டிக்கொண்டிருந்தது அந்தக் கீபோர்டை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன வேஷம் இது என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். இவர்களை விட்டால் இவருக்கு யார் மேடை கொடுப்பார்கள்? விசேஷ நாள் காலையில் இவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார், இடது கையால் துணியை அழுத்திப் பிடிக்கப் பாடுபட்டு, என்னைப் பக்கத்திலேயே விடாமல். அதை நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து எனக்கிருந்தது ஒரே வழி, பிந்துகிற விரலை மூடி மறைக்க எக்கோ உள்ள பெட்டியை அவர் தலையில் கட்டுவது.

தென்காசி ரத வீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இசைக் கருவிகள் விற்கிற கடை இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பாய் ஒருவர் நடத்துகிறார். நாங்கள் இரண்டு பேரும் போனதும் அவர் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒரு கிட்டாரையும் செருகிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கவில்லை. கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரே அந்தக் கையை வைத்து வாசிக்க மனம் வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"நீ பிடிட்டி" என்றார்.

"நானா? எனக்குத் தப்புக் கொட்டக்கூடத் தெரியாது."

"கம்பிய சும்மா தட்டு. கேக்கத்தான நான் இருக்கேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கிட்டாரை மடியில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பெட்டிமுன்னும் குந்தி உட்கார்ந்தார். முதலில் தட்டாமலே சத்தத்தைக் கூட்டி, வெறும் இரைச்சல் எவ்வளவு என்று காதை வைத்துக் கேட்டார். குமிழ்களையெல்லாம் நடுவில் நிறுத்தினார். கரகரப்பைக் கூட்டுகிற கெயின் என்கிற குமிழைக் குறைத்து, வால்யூமை மெல்ல ஏற்றி, எந்த இடத்தில் சத்தம் கிழிகிறது என்று பார்த்தார். பெட்டியின் உண்மை விலை அந்த இடத்தில்தான் தெரியுமாம். அவ்வளவு கவனமாக அவர் எதையும் செய்து பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது.

முதல் பெட்டியில் எக்கோ இருந்தது, பாட்டு வைக்க புளூடூத் இருந்தது, கண்ணைப் பறிக்கிற விளக்கும் இருந்தது. நான் தட்டியதே பெரிய வித்வான் தட்டியது மாதிரி நீண்டு போனது. "இது ரொம்ப நல்லாருக்கு, இதையே எடுப்போம்" என்றேன். பாயும் அதுதான் நிறைய ஓடுகிறது என்றார்.

"எக்கோங்கது பவுடரு மாதிரிட்டி. மூஞ்சி நல்லாருந்தா அது எதுக்கு?" என்றார் இவர்.

இரண்டாவதில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் ஸ்பீக்கர், பிஸ்கட் டின்னுக்குள் இருந்து பேசியது. அதை அவர் இரண்டு தட்டிலேயே தள்ளிவிட்டார். மூன்றாவது யாரோ வைத்திருந்து விற்றது. கறுப்புத் துணி ஓரத்தில் பிய்ந்திருந்தது, ஒரு குமிழ் ஆடியது, ஆனால் ஸ்பீக்கர் பெரிது. நான் தட்டினேன். என் நகம் கம்பியில் இடறியதுகூடத் தனியாகக் கேட்டது.

"கேட்டியா! ஒன் நகம் இடறுனது கேக்கு பாரு!" அவர் முகம் மலர்ந்துவிட்டது.

கனமாக இருக்கிறது என்றேன், பழசு என்றேன், துணி பிய்ந்திருக்கிறது என்றேன். புதிய பெட்டியைவிட இது சகாயம் என்று பாய் தன் பங்குக்குச் சொன்னார். ஒருவேளை எதிரே நின்று உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. செருப்புக் கடை மாடியில் வைத்து ஒரு மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டு மேலகரத்தில் இருக்கிற வீட்டுக்கு வந்தோம்.

அதற்கு அடுத்த சில நாட்கள் எனக்கு விடுதியில் ஓயாத வேலை. ஒரு சாயங்காலம் திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது கிட்டார் கேட்டது. நின்றுவிட்டேன். ஒவ்வொரு சுரமாக, அவசரமில்லாமல், ஒரு பிசிறு இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சவுண்டுக்காரர் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, கை அதற்குள் தேறிவிட்டது, அந்த மடையர்கள் கவனிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நல்ல அழுகைதான் அது. உள்ளே போனதும், "என்னட்டி, இப்ப கூடம் நேரா இருக்கா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்காசி மண்டபத்தில் ஒரு சடங்கு. லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. இவர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, மேடை ஒயரைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை இதில் செருகினார். சவுண்டுக்காரர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

முதல் பாட்டு தொடங்கியது. வீட்டில் நான் கேட்டதில் ரிதம் இல்லை. அவர் விரல் போய்ச் சேரும்வரை பாட்டு காத்திருந்தது. மேடையில் ரிதம் யாருக்கும் காத்திருக்காது. ஒவ்வொரு பிடியும் தாளத்துக்கு அரை அடி பிந்தி வந்தது. சுண்டுவிரல் அழுத்தாத கம்பி பொட்டுப் பொட்டென்று செத்து விழுந்தது. அந்தப் பெட்டி ஒன்றைக்கூட விடாமல் எடுத்துச் சொன்னது. கூடவே கீபோர்டின் கிட்டாரும் ஒலித்தது, வழக்கம்போலச் சரியான இடத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டபோது இவர் தலை திரும்பியது. கீபோர்டு வாசிக்கிற பையனின் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பாடுகிற பெண் ஒருமுறை தடுமாறினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டொருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இலைக்குத் திரும்பினார்கள்.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் இவர் குனிந்தார். ஏதோ சரிசெய்கிறவர் மாதிரி வால்யூம் குமிழைக் கடைசிவரை திருப்பி அணைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, மதியம் வரைக்கும் எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார். விரல்கள் ஓடின, தலை ஆடியது, முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. நான் அந்த மண்டபத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவின் வேனில் ஏறாமல் ஆட்டோவுக்கு வந்தார். சாரல் அடித்தது. பெட்டியை மடியில் வைத்து என் முந்தானையால் மூடினேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"வேற யாருக்கு?"

"எல்லாருக்கும்."

மேலகரத்தில் இறங்கும்போதுதான் கேட்டார்: "அப்ப அந்தக் கோயில் கொடையில, என் கிட்டார் பிட்டு முடிஞ்சதும் அவ்வளவு பேரு கைதட்டுனாங்களே? நான் எந்திரிச்சுக் கும்பிட்டேனே?"

அதுவரை நான் அவர்மேல் அவ்வளவு இரக்கப்பட்டதில்லை, ஊர்மேல் அவ்வளவு ஆத்திரப்பட்டதுமில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் ஆட்டோக்காரரிடம்தான் சண்டை போட்டேன், வாசலை ஒட்டி நிறுத்தவில்லை என்று.

அடுத்த விசேஷத்துக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. இவர் சட்டை மாற்றவில்லை. "நான் ஊருல இல்லன்னு சொல்லிரு" என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சவுண்டுக்காரர் படியேறி வந்தார்.

"அவுக ஊருல இல்ல" என்றேன்.

அவர் தலையசைப்பதற்குள் உள்ளே சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு சுரம், பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை, பிறகு அடுத்தது. கதவு சாத்தியிருந்தும் ஒவ்வொன்றும் அத்தனை தெளிவாகக் கேட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். கீழே வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்தது.

"அண்ணன் வந்தாகன்னா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க மதினி" என்றுவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.