மூன்றாவது சீட்டுக்காரம்மா

கஞ்சி போட்ட காட்டன் புடவையில் கன்னம் பட்டால் சுரசுரவென்று இருக்கும், நைலக்ஸ் என்றால் வழுக்கும், பட்டு என்றால் முதலில் ஜில்லென்று இருந்து பிறகு மெல்லச் சூடேறும். இதெல்லாம் எனக்கு ஏழு வயதுக்குள் தெரிந்துவிட்டது. ஏனென்றால் பெங்களூர் சிட்டி பஸ்ஸில் நான் உட்கார்ந்து போன மடிகளில் பாதிக்கு மேல் முன்பின் தெரியாதவர்களுடையவை.

அப்போது பஸ்ஸின் முன்பக்கம் பெண்களுக்கு. அங்கே இடம் கிடைத்து உட்கார்ந்துவிட்டவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமை கிடையாது. எதிரில் நிற்பவரின் பையையோ டிபன் கேரியரையோ இடுப்பிலிருக்கும் பிள்ளையையோ வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை அது. நிற்பவர் "ஸ்வல்ப ஹிட்கொள்ளி" என்பார், கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. பெரும்பாலும் அதுகூட வேண்டியிருக்காது, உட்கார்ந்திருப்பவரின் கைகள் தாமாகவே நீளும். என் பள்ளிக்கூடப் பை மூன்று சீட்டு தள்ளி யாரிடமோ போய்ச் சேரும், இறங்கும்போது கைமாறிக் கைமாறித் திரும்பி வரும். பையை வைத்திருந்தவர் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது மடிக்கு நான் பெரியவளாகிவிட்டேன். முறை தம்பி பாபுவுக்கு வந்தது. நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தோம். அம்மாவுக்கு அடுகோடியில் ஒரு கம்பெனியின் சமையல்கட்டில் வேலை. பெரியம்மா வீடும் அடுகோடியில்தான். பாபுவை அவளிடம் விட்டுவிட்டு, என்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு அம்மா வேலைக்கு ஓட வேண்டும். தினமும் காலை அல்சூர் ஸ்டாப்பில் அதே பஸ், அதே நெரிசல், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று எல்லாரையும் முன்னால் தள்ளும் அதே கண்டக்டர்.

அந்த பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் ஜன்னலை ஒட்டாத பக்கம் ஓர் அம்மா எப்போதும் உட்கார்ந்திருப்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட புடவை, மடியில் ஒரு சின்ன சாப்பாட்டுப் பை, கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்த கறுப்புக் குடை. எந்த ஆபீஸ், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. எங்களைக் கண்டதும் கையை நீட்டுவார். பாபு தாவிப் போவான். அவனுக்குப் பல் முளைக்கிற சமயம், குடையின் வளைந்த பிடியைக் கடித்துக் கடித்து எச்சிலாக்குவான். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் கொடுப்பார். சில நாள் அவர் மடியிலேயே தூங்கிப்போவான். வீட்டில் அம்மா அவரை "மூணாவது சீட்டுக்காரம்மா" என்றுதான் சொல்வாள், ஏதோ தூரத்துச் சொந்தத்தைச் சொல்வதுபோல.

அது தொண்ணூற்றிரண்டு. முந்தைய குளிர்காலத்தில்தான் ஊரில் தமிழ் பேசுகிறவர்களை அடித்த தண்ணீர்ச் சண்டை நடந்து ஓய்ந்திருந்தது. அதிலிருந்து அம்மா எங்களுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தாள்: "வூட்டுக்குள்ள இன்னா வேணா பேசு. பஸ்ல வாயத் தொறக்கக் கூடாது." அம்மா நன்றாகக் கன்னடம் பேசுவாள், பஸ்ஸில் அதைத்தான் பேசினாள், மூன்றாவது சீட்டுக்காரம்மாவும் கன்னடத்தில்தான் பேசினார். நாக்கை அப்படிக் கட்டிக்கொண்ட அதே அம்மா, சண்டை ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கிய அன்றே பிள்ளையைத் தூக்கி முன்னால் இருந்தவரிடம் கொடுத்தாள். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என்ன மொழி பேசுகிறோம் என்று காட்டிக்கொள்ள பயம், பெற்ற பிள்ளையைக் கொடுக்க பயமில்லை. அதனால், பிறகு நடந்ததற்கு ஊர்ச் சண்டைமேல் பழி போட என்னால் முடியவில்லை.

பாபுவின் கழுத்தில் ஒரு மெல்லிய தங்கச் செயின் இருந்தது. காது குத்தும்போது மாமா போட்டது. "பஸ்ல போற புள்ளைக்கு இன்னாத்துக்குடி செயினு, கழட்டி உள்ள வை" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். "தாய்மாமன் போட்டதக் கழட்டுவாங்களா?" என்று அம்மா வாயை அடைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் இருந்த தங்கம் அம்மாவின் தாலிக்குண்டுகளும் அந்தச் செயினும்தான்.

ஒரு திங்கட்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம். பாபு மூன்றாவது சீட்டில். நான் அந்தச் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி. அம்மா தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டுப் படிக்கட்டில் நின்றாள். ஜான்சன் மார்க்கெட் ஸ்டாப்பில் உள்ளே இருந்தவர்கள் இறங்குவதற்காகப் படியில் நின்றவர்கள் கீழே இறங்கி வழிவிட்டார்கள். அம்மாவும் இறங்கினாள். மார்க்கெட் பெண்கள் கூடைகளோடு முண்டியடித்து ஏற, கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் கிளம்பிவிட்டது. அம்மா ஏறவில்லை. ஜன்னல் வழியாக அவள் ஓடி வருவதைப் பார்த்தேன்.

நான் கத்தவில்லை. பஸ்ஸில் வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான் மண்டையில் நின்றது. "அம்மா" என்று கத்தியிருந்தால் போதும், அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான். சத்தம் வராமல் அழுதுகொண்டு நின்றேன். மூன்றாவது சீட்டுக்காரம்மா தற்செயலாக என் முகத்தைப் பார்த்து, "நின் அம்மா எல்லி?" என்று கேட்டார், உன் அம்மா எங்கே என்று. நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். அவர் எழுந்து கண்டக்டரைப் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நடுரோட்டில் நிறுத்த முடியாது, அடுத்த ஸ்டாப்பில்தான் என்றான் அவன். அடுத்த ஸ்டாப் கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டியது. பாபுவை இடுப்பில் வைத்து, சாப்பாட்டுப் பையையும் குடையையும் ஒரு கையில் பிடித்து, என்னை முன்னால் விட்டு அவர் இறங்கினார். அது அவர் இறங்கும் இடமில்லை.

வெயில் ஏறியிருந்தது. குடையை விரித்து மூவருக்குமாகப் பிடித்தார். ஸ்டாப்பில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பாபுவின் வாயைத் துடைப்பதுபோல் கைக்குட்டையைக் கொண்டுபோய், செயினை விரலால் நெம்பிச் சட்டைக்குள் போட்டு மேல் பட்டனையும் பூட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா ஓடியே வந்தாள். மூச்சு வாங்க, தலை கலைந்து, பாபுவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். வாங்கியதும் அவள் முத்தம் கொடுக்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் கை நேராக அவன் கழுத்துக்குப் போனது. அங்கே செயின் இல்லை. சட்டைக் காலரை இழுத்து, பட்டனைப் பிய்த்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லாம் சேர்ந்து ஒரு நொடிதான் இருக்கும். 'உள்ளே இருக்கு' என்று சொல்ல எனக்கும் அதே ஒரு நொடி இருந்தது.

"நாந்தாம்மா உள்ள போட்டேன்" என்றார் மூன்றாவது சீட்டுக்காரம்மா. "இங்க நாலு பேரு நிக்கிறாங்க, பாப்பாங்கன்னு."

தமிழில் சொன்னார். அதுவரை அவருக்குத் தமிழ் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது. அவரும் தமிழர்தானோ, எங்களைப்போலவே பயந்து கன்னடம் பேசி வந்தாரோ, அல்லது பெங்களூரில் பாதிப் பேரைப்போல இரண்டும் தெரிந்தவரோ, கடைசிவரை தெரியாமலே போயிற்று. அம்மா, "ஐயோ இல்லம்மா, நான் சும்மா..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல், "தேங்க்ஸ்" என்றாள். அம்மா இங்கிலீஷில் நன்றி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தலையை மட்டும் ஆட்டினார், குடையை மடக்கினார், அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நடந்ததைக் கேட்ட பெரியம்மா, "பெத்தவ கை அங்கதான் போவும். இதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிற?" என்றாள். அம்மா சமாதானமாகவில்லை. "வாய் தவறுனா மன்னிப்பு கேக்கலாம். கை தவறிடுச்சுக்கா, இன்னான்னு சொல்லிக் கேக்கறது?" என்றாள். அன்று இரவுச் சமையலின்போது, நாளைக்குக் காலையில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஸ்டாப்பில் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி இலையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

பஸ் வந்தது. அவர் அதே சீட்டில்தான் இருந்தார். கைகளைக் குடைமேல் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பாபுவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே போய் நின்றாள். பக்கத்துச் சீட்டுப் பெண் கையை நீட்டினாள், அம்மா கொடுக்கவில்லை; அவர் பார்க்க இன்னொருத்தியிடம் கொடுத்தால் அது இன்னும் பெரிய அவமானம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பாபுவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், குடையைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தான். அவருடைய ஒரு கை குடையைவிட்டு எழுந்தது. அம்மாவும் பாபுவை இறக்குவதற்குத் தோளைச் சற்றே தாழ்த்தினாள். பிறகு அந்தக் கை திரும்பவும் குடைமேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுகோடியில் இறங்கியதும் அம்மா இலையைப் பிரித்துப் பூவை என் தலையில் வைத்துவிட்டாள். பத்து நாள் அப்படி ஓடியது. அவரும் சீட்டை மாற்றவில்லை, அம்மாவும் இடத்தை மாற்றவில்லை. பதினோராம் நாள் அம்மா எங்களை அரைமணி நேரம் முன்னதாக எழுப்பினாள், வேறொரு பஸ்ஸில் போனோம். அந்த பஸ்ஸிலும் அவள் பாபுவை யாரிடமும் கொடுக்கவில்லை. மூன்று வயதுவரை இடுப்பிலேயேதான் போனான். எங்களை யாரும் ஏமாற்றவில்லை, ஒரு குண்டுமணி தங்கம்கூடக் காணாமல் போகவில்லை. இருந்தும் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் அன்றோடு முடிந்துவிட்டது.

பாபு இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். போனில் ஒருநாள், அங்கே வாசலுக்கு யார் வந்தாலும் கேமராவில் பார்த்துவிட்டு, வீட்டில் இல்லாததுபோல் இருந்துவிடுவார்களாம் என்றான். அடுத்தவர் குழந்தையைத் தொடுவதற்கு முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும் என்றான். "அப்ப பஸ்ல நிக்கிறவ புள்ளய வச்சிக்கினு இன்னாடா பண்ணுவா?" என்று கேட்டாள் அம்மா. அங்கே பஸ்ஸில் யாரும்மா போறாங்க என்று அவன் சிரித்தான். தான் கடித்த குடையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, நாங்களும் சொன்னதில்லை.

எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி கார் வராத ஒரு சாயங்காலம் பஸ்ஸில் வந்தேன். முன்னால் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு தடுமாறி நின்றாள். என்னை அறியாமலே கையை நீட்டிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையிலிருந்த இரண்டு சின்னத் தங்க வளையல்களையும் கழற்றிப் பர்ஸில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு, அதற்கப்புறம் குழந்தையைக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், அதுவும் வரவில்லை. சில்க் போர்டு ஸ்டாப் வருவதற்குள் குழந்தை தூங்கிப்போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"புள்ள அழுதுச்சா?"

"இல்ல, தூங்கிடுச்சு."

"உன் மடியிலயா?"

"ஆமா."

அம்மா இன்னொரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினாள். பிறகு, "நல்ல புத்தி அந்தப் பொண்ணுக்கு" என்றாள். "அன்னிக்கே நானும் கழட்டி வச்சிருந்தா, தேடியிருக்க மாட்டேன்."

மறுநாள் கம்பெனி கார் வந்தது. நாலு பேர் போனோம். நாலு பைகளும் அவரவர் மடியில் இருந்தன.