கட்டாரிலிருந்து வந்த குளிசைகள்

கட்டாரில் வேலை செய்யும் என் கணவர், காத்தான்குடிக்கு அனுப்பும் ஒவ்வொரு பொதியிலும் அன்டிபயோட்டிக் குளிசை அட்டைகளும் வைப்பார். சளியோ காய்ச்சலோ, இரண்டு நாள் போடுவேன், சுகமானதும் நிறுத்திவிடுவேன். அவரே பக்கத்தில் இருந்து தருவதுபோல ஓர் ஆறுதல்.

சென்ற மாதம் சிறுநீர் எரிவோடு நடுக்கக் காய்ச்சல் வந்தது. வழக்கம்போலப் போட்டேன், குறையவில்லை. ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டொக்டர், "இந்தக் கிருமிக்கு வழமையான மருந்து ஒண்டும் கேக்குதில்ல. வீட்டுல என்ன போட்டீங்க?" என்றார். சொன்னேன். "அரைகுறையாப் போட்டுப் போட்டு கிருமிய மருந்துக்குப் பழக்கிட்டீங்க."

தனி அறையில் வைத்து மருந்து ஏற்றினார்கள். தொற்றிவிடும் என்று நாலு வயது மகளை உள்ளே விடவில்லை. என் அக்கா, ராத்தாவின் இடுப்பில் இருந்தபடி அவள் ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தாள். உள்ளிருந்து நானும் அதே இடத்தில் வைத்தேன். தினமும் போனில் மட்டும் அவளைப் பார்க்கும் அவளது வாப்பாவின் பாடு அன்றுதான் எனக்கு விளங்கியது.

இப்போது டொக்டர் எழுதித் தந்தால்தான் அன்டிபயோட்டிக். சொன்ன நாள் முடியும்வரை போடுவேன்.

போன கிழமை அவர் கேட்டார்: "பொதி போடப்போறன், என்ன வேணும்?"

"குளிச வேணாம்."

"வேற?"

"பொதிய நீங்களே கொண்டுவாங்க" என்றேன்.