பருப்பு மத்தும் பவர் பாயிண்டும்

எங்கள் வீட்டில் ஷாக் அடிப்பது என்பது பெண்களுக்கு மட்டும் வருகிற வியாதியாக இருந்தது. ஆண்கள் யாரும் சமையலறைக்குள் போவதில்லை, அதனால் அவர்களுக்கு அது தொற்றவில்லை.

விழுப்புரத்தில் அப்பா கட்டிய வீடு அது. சமையலறைக்கு ஒரு பல்பு, ஒரு சுவிட்சு. அந்தச் சுவிட்சை எந்த மகானுபாவன் சொன்னானோ, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே வைத்திருந்தார்கள். மழை பிடித்துவிட்டால் அந்தச் சுவர் ஊறிப்போய்க் கிடக்கும். அரிசி களைந்த கையோடு சுவிட்சைத் தொட்டால் முழங்கை வரை இழுக்கும். அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பருப்பு கடைகிற மத்தின் காம்பால் சுவிட்சைத் தள்ளுவாள். நானும் சமையலறையில் புழங்க ஆரம்பித்த நாளிலிருந்து மத்தால்தான் லைட்டைப் போட்டேன். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் போடுவார்கள் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்பாவின் பதிலும் மாறாது. "ஈரக்கையைத் தொடச்சிட்டுத் தொடு." சமையலறையில் ஒரு பெண்ணின் கை எப்போது காய்ந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கை ஈரமாவது சாப்பிட்டுக் கழுவும்போது மட்டும்தான். அதற்கும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஆள் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அண்ணனுக்குத் திண்டிவனத்தில் பெண் அமைந்தது. நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் விக்கிரவாண்டி வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சாயங்காலம் நின்றுகொண்டே வருவேன். பெண்ணின் அப்பா அங்கே மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். நிச்சயம் பேச வந்தவர், காபியைக் குடித்துவிட்டு எங்கள் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சீர்ல கிரைண்டரு, மிக்ஸி ரெண்டும் வச்சிக்கினு இருக்கோம். இங்க பவர் பாயிண்டு இருக்குதுங்களா சம்பந்தி?"

அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அதுக்குத்தாங்க, வயரிங் வேலை பண்ணிக்கினு இருக்கோம். சமையக்கட்டு முழுக்க மாத்துறோம்."

சமையலறை முழுக்க மாற்றுகிற செய்தி அந்த நிமிடம்தான் எங்களுக்கே தெரியும். உள்ளே நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சந்தோஷம்தான் காரணம். இத்தனை வருஷம் அவள் கேட்டு நடக்காதது, யாரோ ஒரு மண்டிக்காரர் ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரத்தில் நடந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் திட்டக் கமிஷன் கூடியது. அப்பா, சித்தப்பா, அண்ணன். சித்தப்பா ஒரு வருஷம் திருவாமாத்தூர் திருவிழாவில் சீரியல் பல்பு கட்டுகிறவர்களுக்கு ஏணி பிடித்தவர். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் கரண்டு விஷயம் எதுவானாலும் அவர்தான் கடைசி வார்த்தை. அண்ணன் பி.எஸ்சி. பிசிக்ஸ். பியூஸ் போனால் தெருவில் இறங்கி ஆள் தேடுகிற பிசிக்ஸ். மூன்று பேரும் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டார்கள். சமையலறை இருந்தது பத்தடி தள்ளி. ஒருத்தரும் எழுந்து போய் அதைப் பார்க்கவில்லை. பஜ்ஜி மட்டும் அங்கிருந்து வந்துகொண்டே இருந்தது.

பவர் பாயிண்டு எங்கே வரவேண்டும் என்பதில் பெரிய விவாதம். அம்மா உட்கார்ந்து மாவரைக்கிற மூலை எது, தண்ணீர் போகிற ஜலதாரை எது என்பதெல்லாம் பேச்சிலேயே வரவில்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சம்பந்திக்குக் கிரைண்டர் கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான். அதனால் வாசற்படியை ஒட்டின சுவரில், ஹாலிலிருந்து நேரே தெரிகிற இடத்தில் என்று முடிவானது. உயரத்துக்குச் சித்தப்பா எழுந்து நின்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். அம்மா அவர் தோளுக்கும் கீழே இருப்பாள். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்மா கதவோரம் வந்து நின்றாள். "என்னாங்க, அந்தத் தொட்டி மேல இருக்குற சுவிட்சையும் மாத்திடச் சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணு மாத்துனா போதும்."

அப்பா நிமிராமலே கேட்டார். "லைட்டு எரியுதுல்ல?"

"எரியுது."

"எரியுறதுல எதுக்குக் கை வெக்கணும்? பழைய லைனைத் தொட்டா செலவு இழுத்துக்கினு போவும்."

"அதைத் தொட்டா பேஜாரு அண்ணி," என்றார் சித்தப்பா. "ஒண்ணைப் பிரிச்சா மொத்தத்தையும் பிரிக்கணும்."

அண்ணன் மட்டும் அம்மாவுக்காகக் கொஞ்சம் யோசித்தான். யோசித்து, "செருப்பு போட்டுக்கினு சமைம்மா, அடிக்காது" என்றான். பட்டப்படிப்பு வீண்போகவில்லை.

"சமையக்கட்டுல செருப்பா? சாமி படம் இருக்குற எடத்துல?" என்று அப்பா அவன் மேல் பாய்ந்தார். கொஞ்ச நேரம் சாஸ்திரமும் பிசிக்ஸும் மோதிக்கொண்டன. கடைசியில் ஒரு சமரசம் வந்தது. பரணிலிருந்து ஒரு மணைப் பலகையை இறக்கி, தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார்கள். லைட்டைப் போடும்போது அம்மா அதன் மேல் ஏறி நிற்கவேண்டும். மரத்தில் கரண்டு பாயாதாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணத்தில் போட்ட மணை அது. தொட்டித் தண்ணீர் தெறித்து அது இரண்டு நாளில் ஊறிப்போனது. ஊறின மரத்தைப் பற்றிப் பிசிக்ஸ் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்தபோது நான் தனியாகப் போய்க் கேட்டேன். பழைய சுவிட்சை மாற்ற ஆகிற காசை நானே தருகிறேன் என்றேன். ஒயர் ஓடுகிற மரச்சட்டத்தில் கிளிப் அடித்துக்கொண்டிருந்தவர் வாயில் ஆணியோடு சொன்னார். "எஸ்டிமேட்ல அது இல்லியேம்மா. சாரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க." சார் அதற்குள் வாசலிலிருந்து கேட்டுவிட்டார்.

"பொண்ணு காசுல வீட்டு வேலை பண்ணா ஊரு என்னா சொல்லும்?"

மாதாமாதம் என் சம்பளக் கவரைப் பிரிக்காமல் வாங்கிக்கொள்கிறவர் இப்படிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷனுக்குக் கூச்சம் என்கிற ஒன்றைக் கடவுள் வைக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

வேலை முடிந்தது. கிரைண்டருக்குத் தனி லைன், பெரிய பிளக்கு, சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு. கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி மூடினார்கள். குழி காயாமல் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் எலெக்ட்ரீஷியன். அந்த வேலையும் அம்மாவுக்குத்தான் வந்தது. வராத கிரைண்டருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று அவள் காலையும் மாலையும் குடம் சுமந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா எழுந்து போய் அந்தச் சிவப்பு விளக்கை எரியவிட்டுக் காட்டினார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மா மத்தால் லைட்டைப் போட்டு, அவர்களுக்குக் காபி கலந்தாள்.

கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. கிரைண்டர் மாலை போட்டுக்கொண்டு வேனில் வந்து இறங்கியது. ஹாலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

அண்ணி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள். புதுப் பெண், நல்ல பேர் வாங்கவேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளித்து, சமையலறைக்குப் போயிருக்கிறாள். தொட்டியில் கையை நனைத்துக்கொண்டு சுவிட்சைத் தொட்டிருக்கிறாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே விழித்தது. நாங்கள் போனபோது தொட்டி ஓரம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு உள்ளங்கையைத் தேய்த்துவிட்டாள்.

அண்ணன் ஓடிவந்தான். சித்தப்பா வந்தார். அப்பாவும் வந்தார். மூன்று ஆண்களும் ஒன்றாக அந்தச் சமையலறையில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா சம்பந்தி மூஞ்சில எப்படி முழிக்கிறது? ஜல்தியா போய் அந்த எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கினு வா."

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். வெயில் ஏறுவதற்குள் எலெக்ட்ரீஷியன் வந்து, சுவிட்சைக் கழற்றினார். உள்ளே ஒயரின் தோல் கருகி உதிர்ந்து, செம்புக் கம்பி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இதையா இத்தினி வருசமா தொட்டுக்கினு இருந்தீங்க?" என்றார். யாரைக் கேட்டாரோ. மொத்தத்தையும் பிரிக்கவேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் ஒயர், ஒரு சுவிட்சு. சம்பந்திக்கு வாங்கின ஸ்வீட் பெட்டியைவிடக் குறைந்த செலவு. எதிர்ச்சுவரில், தண்ணீர் படாத இடத்தில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அப்பாவுக்கு உடனே பழைய கம்பீரம் திரும்பியது. அண்ணியும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார். "நான் நின்னு பாத்து போட்ட சுவிட்சு. இனிமே கொழந்தைகூடத் தொடலாம்." பிறகு அம்மாவிடம், "போடேன், போட்டுப் பாரு" என்றார்.

அம்மா வெந்த பருப்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். "கையை நீட்டுங்க," என்றாள். சாப்பிட்டுக் கழுவப் பழகின கை, கேள்வி கேட்காமல் நீண்டது. அம்மா செம்புத் தண்ணீர் முழுவதையும் அதன் மேல் ஊற்றினாள்.

"இப்ப போடுங்க. நான் இப்டித்தான் போடுவேன்."

அப்பா சுவிட்சைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவிட்சுக்கு அரை அடி வரை போன கை அங்கேயே நின்றது. அம்மா வழியை விட்டு நகரவில்லை.

அப்பா குனிந்து, பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மத்தை எடுத்தார். அதன் காம்பால் சுவிட்சைத் தள்ளினார். லைட்டு எரிந்தது. அம்மா அவர் கையிலிருந்து மத்தை வாங்கி, கழுவி, பருப்பைக் கடைய உட்கார்ந்தாள்.